உட்கார்ந்தால் வரும் சத்தம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

சர்க்கரை 142. சோமனூர் வரை போய்ச் சுற்றி வந்தது, 31 கி.மீ.

டாக்டர் எழுதச் சொன்னது இந்த இரண்டு எண்களை மட்டும்தான். ஆனால் நோட்டைத் திறந்தால் கை நிற்பதில்லை. ஐந்தாறு வருஷமாக என் புலம்பல் எல்லாம் இதில்தான் போகிறது.

இன்று வழியில் தரணி பக்கத்தில் வந்து, “மாமா, உங்க சைக்கிள்ள கிறீச் கிறீச்சுங்குதுங்க, என்னன்னு பாருங்க” என்றான். தரணி என் மனைவி பூங்கோதையின் அண்ணன் மகன். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எனக்கு இந்த ரேஸ் சைக்கிள் ஆசையைக் கிளப்பிவிட்டவனே அவன்தான். ஞாயிறானால் அவன், அவனுடைய கூட்டாளி ரித்தீஷ், நான், மூன்று பேரும் கிளம்பிவிடுவோம். அவர்களுக்கு இருபத்தைந்து, எனக்கு ஐம்பத்திரண்டு.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் சொந்த விசைத்தறிக் குடோனில் நின்றவன் நான். இருபத்து நாலு தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எதில் எந்த போல்ட் லூஸ் என்று சொல்லிவிடுவேன். என் சைக்கிளில் சத்தம் என்றால் எனக்கல்லவா முதலில் தெரிய வேண்டும்?

இருந்தாலும் சொல்லிவிட்டானே என்று பெடல் இரண்டையும் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து முடுக்கினேன். குடோனைச் சுற்றி ஒரு ரவுண்டு. சத்தமே இல்லை. வேலை முடிந்தது.

ஜூன் 11, புதன்

சர்க்கரை 138. என் மகன் நித்தீஷ் பெங்களூரிலிருந்து போன் செய்தான். அவன் ரூமில் சிக்னல் சுத்த மோசம், மகன் பேசுவது தகப்பனுக்குப் புரிவதில்லை. வீடியோவில் வரச் சொன்னேன். தெளிவாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

சர்க்கரை 139. 34 கி.மீ.

“போகலீங்க மாமா, இன்னும் கத்துதுங்க” என்கிறான் தரணி. ரித்தீஷும் தலையாட்டுகிறான்.

மத்தியானம் முழுக்க இதே வேலை. பெடல் கட்டை சுற்றும் அச்சைத் திறக்க என்னிடம் சாவி இல்லை. லேத்துக்குப் போய் ஒன்று கடைந்து வாங்கி வந்தேன். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, தறிக்குப் போடுகிற கிரீஸையே போட்டு மாட்டினேன். பல்சக்கரத்தின் ஐந்து போல்ட்டையும் முடுக்கினேன். செயினைக் கழுவினேன். முன் சக்கரம், பின் சக்கரம், ஹேண்டில் கழுத்து, எதையும் விடவில்லை. பூங்கோதை சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போனாள். கூப்பிட்டிருந்தால் நானே போயிருப்பேன்.

ஓட்டிப் பார்த்தேன். சுத்தமாகச் சத்தம் இல்லை. இனி வந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

சர்க்கரை பார்க்கவில்லை. 29 கி.மீ.

பள்ளபாளையம் போகிற மேட்டில் ரித்தீஷ் பக்கத்தில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: “நீங்க சீட்ல உக்காந்து மிதிச்சா வருதுங்க, எந்திரிச்சு நின்னு மிதிச்சா நின்னுபோகுதுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. என் எடை எண்பத்தெட்டு. அது ஊருக்கே தெரியும். “என்ர தொந்திக்குச் சைக்கிள் அழுகுதுன்னு நேராவே சொல்லிப்போடு கண்ணு” என்றேன். தரணி பதறிப்போய், “ஐயோ, அப்படி இல்லீங்க மாமா” என்றான். அதற்கப்புறம் இரண்டு பேரும் பின்னால் போய்விட்டார்கள். வீடு வரும்வரை ஒருவரும் என்னோடு பேசவில்லை.

இல்லாத சத்தத்தைச் சொல்லி என்னை ஓட்டிப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். சின்னப் பையன்கள் சேர்க்கையில் நான் போய்ச் சேர்ந்ததே தப்பு.

ஜூன் 29, ஞாயிறு

தரணி விழுந்துவிட்டான். இடது பக்கக் காறை எலும்பு முறிந்து, தோல் மேலேயே துருத்திக்கொண்டு தெரிந்தது.

இன்று ரித்தீஷ் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான். நான் முன்னால். சாமளாபுரம் தாண்டி ரோட்டில் ஒரு பள்ளம். நான் வலப்பக்கம் ஒதுங்கினேன், அவ்வளவுதான் செய்தேன். அடுத்த நொடி என் முதுகில் ஒரு அடி விழுந்தது. இடப்பக்க மண்ணில் இறங்கி எப்படியோ காலை ஊன்றி நின்றுவிட்டேன். திரும்பினால் தரணி ரோட்டில் கிடக்கிறான். அவனை ஒட்டி நூல் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று நின்றிருந்தது.

வேன் டிரைவர் வடநாட்டுப் பையன். ஓடிவந்து தரணியைத் தூக்கினான். அப்புறம் என்னைப் பார்த்து இந்தியில் ஏதோ கத்தினான். விழுந்தவன் கிடக்க, என்னை எதற்குத் திட்ட வேண்டும்?

எழுத்து கோணலாகப் போகிறது.

ஜூலை 1, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் மச்சான், தரணியின் அம்மா, ரித்தீஷ், பூங்கோதை எல்லாரும் கட்டிலைச் சுற்றி இருந்தோம். எப்படி ஆச்சு என்று மச்சான் கேட்டார். தரணி மெதுவாகச் சொன்னான்: “மாமா வலது பக்கம் வந்துட்டாருங்கப்பா. பின்னால வேனு வேகமா வந்துச்சு. மூணு தடவ கத்திக் கூப்புட்டேன், மாமா திரும்பல. அதான் வேகமா மிதிச்சு வந்து தள்ளினேன்.”

கூப்பிட்டானாம். மூன்று தடவையாம். என் காதில் ஒரு சொல் விழவில்லை. கையில் கட்டியிருக்கும் வாட்ச்சில் வேகம் பார்த்துக்கொண்டே வந்திருப்பான், என் மேல் இடித்திருப்பான், இப்போது பழி என் மேல் வருகிறது.

அதை அப்படியே சொல்லிவிட்டேன். “பொய் சொல்லாத. நீ கூப்புடவே இல்ல” என்றேன். எல்லாருக்கும் முன்னால். தரணி என் முகத்தையே பார்த்தான். மச்சான் எழுந்து நின்று, “மாப்ள, பையன் படுத்துக் கெடக்கறான். நீங்க ஊட்டுக்குப் போங்க” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் போ என்று சொன்னதில்லை.

நான் சொன்னதில் தப்பில்லை. கேட்டிருந்தால் திரும்பியிருக்க மாட்டேனா?

ஜூலை 6, ஞாயிறு

போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சர்க்கரை 156. தனியாக 22 கி.மீ.

சைக்கிள் அருமையாக ஓடுகிறது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. குறை சொல்ல ஆள் இல்லை என்றால் குறையும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

சர்க்கரை 151. 25 கி.மீ., தனியாக.

கேட்டைத் திறக்கும்போதே பூங்கோதை காப்பியோடு வாசலில் நின்றாள். எந்த நேரத்துக்கு வந்தாலும் இவளுக்கு எப்படித் தெரிகிறது என்று வெகுநாளாகவே கேட்க நினைத்திருந்தேன். இன்று கேட்டேன்.

“உங்க சைக்கிள் கத்தறது தெருமுக்குல திரும்பறப்பவே அடுப்படிக்குக் கேட்டுப்போகுதுங்களே. அதுக்கப்பறந்தான் டிகாசன் ஊத்துவேன்” என்றாள்.

காப்பியை வைத்துவிட்டேன். அண்ணன் வீட்டுக்குப் பரிந்துகொண்டு இவளும் அதே பாட்டைப் பாடுகிறாள் என்று கோபம் வந்தது. ஆனால் அவள் அதை அப்படிச் சொல்லவில்லை. மழை வருகிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

பொய் சொல்ல இவளுக்கு என்ன வந்தது?

ஆகஸ்ட் 6, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் நாலு வரை கரண்ட் இல்லை. இருபத்து நாலு தறியும் நின்றுவிட்டால் குடோன் வேறு இடம் மாதிரி ஆகிவிடும். சத்தத்தைப் பிடிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று, பின்சக்கரம் தரையில் படாதபடி கட்டைகள் வைத்துச் சைக்கிளை நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்து மிதித்தேன். தலையைக் குனிந்து, மூச்சை அடக்கிக் கேட்டேன். ஒன்றும் இல்லை. இன்னும் வேகமாக மிதித்தேன். ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது எதிரில் ஒன்பதாம் தறியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கருத்தம்மா, “அம்மா கூப்புடுறாக” என்றாள், பூங்கோதையைத்தான். கமுதிப் பக்கத்துக்காரி, பதினாலு வருஷமாக என்னிடம் தறி ஓட்டுகிறவள். “வர்றேன்னு சொல்லு” என்றேன்.

பாண்டித்துரை சிரித்தான். அவனும் அந்தப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. “அக்கா ஒண்ணுமே பேசலையே மொதலாளி. நீங்களா யாருக்குப் பதில் சொல்றீங்க?” என்றான்.

“அம்மா கூப்புடுறாகன்னு சொன்னாளேடா.”

“சொல்லலையே. வாயை மட்டும்தான் அசைச்சாக.”

கருத்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பழக்கத்துல அப்படியே சொல்லிட்டேன் மொதலாளி. தறி நின்னது ஞாபகமே இல்ல” என்றாள்.

தறி ஓடும்போது குடோனில் யாரும் தொண்டையைத் திறந்து பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. உதட்டை அசைப்போம், கையைக் காட்டுவோம், எதிராளி புரிந்துகொள்வான். தறி நாடா உடைந்தது, பாவு நூல் அறுந்தது, டீ வந்தது, எல்லாம் உதட்டில்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் இன்று தறி ஓடவில்லை. குண்டூசி விழுந்தால் கேட்கிற அமைதி. அதில் அவள் சத்தமில்லாமல் சொன்னது எனக்குச் சத்தத்தோடு கேட்டது. அவள் குரலே கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

“அம்மா எங்கிருந்து கூப்பிட்டாங்க?” என்று கேட்டேன். “குடோன் வாசல்ல நின்னு நாலு தரம் கூப்புட்டாக மொதலாளி” என்றான் பாண்டித்துரை. வாசல் எனக்குப் பின்னால், பத்தடியில்.

“இந்தச் சைக்கிள் சத்தம் போடுதா?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கருத்தம்மா, இந்த முறை குரலோடு, சொன்னாள்: “கத்துது மொதலாளி. பல்லு கூசுற மாதிரி.” எழுந்து என் எதிரில் வந்து நின்று, “உங்ககிட்ட நான் குரல் விட்டுப் பேசி எம்புட்டோ வருசமாச்சு. மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு சொன்னாப் போதும்னு இங்க எல்லாருக்கும் தெரியுமே. உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

எனக்குத் தெரியாது. தெரியவே தெரியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்றிலிருந்து ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. நித்தீஷ் ரூமில் சிக்னல் நன்றாகத்தான் இருந்திருக்கும். வீடியோவில் அவன் வாயைத்தானே பார்த்தேன். கொரோனாச் சமயத்தில் எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தபோது பேங்கில், மருந்துக் கடையில், எங்கே போனாலும் சண்டை. ஊரே மரியாதை கெட்டுப் போச்சு, வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். புரட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக இருக்கிறது.

சைக்கிளில் போகும்போது ஒருவர் பின்னால் ஒருவராகப் போகிறோம். அங்கே பார்ப்பதற்கு வாய் இல்லை.

கூப்பிட்டிருப்பானோ?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோயமுத்தூர் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து வெளியே இருந்த பெண்ணைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட்டில் என் பெயரை ஆத்தப்பன், 52, ஆண் என்று மேலே போட்டு, கீழே ஒரு கோடு. கோடு போகப் போகக் கீழே இறங்குகிறது. டாக்டர் அதைப் பார்த்தவுடனே, “தறிக்குடோனுங்களா?” என்றார்.

வலது காது பெரும்பகுதி போய்விட்டது. இடது பாதிக்கு மேல். கீச்சென்ற சத்தங்கள் சுத்தமாக இல்லை. குருவி, காலிங் பெல், சைக்கிள் கிறீச்சிடுவது, எதுவும் எனக்குக் கிடையாது. “எதிர்ல பேசினா நீங்க பாதிய உதட்டப் பாத்தே புரிஞ்சுக்கறீங்க. அதனாலதான் இத்தன நாளா உங்களுக்கே தெரியலீங்க” என்றார்.

ரோட்டில் போகும்போது பின்னாலிருந்து ஒருத்தர் கூப்பிட்டால் கேட்குமா என்று கேட்டேன். “எவ்வளவு தூரத்துலங்க?” என்றார். முப்பது நாப்பது அடி என்றேன். காற்றும் வண்டிச் சத்தமும் சேர்ந்தால் வாய்ப்பே இல்லை என்றார்.

“தொண்டை கிழியக் கத்தினாலுமுங்களா?”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “கத்தினாலுமுங்க” என்றார்.

திரும்பி வருமா என்று கேட்டேன். வராது.

ஆகஸ்ட் 13, புதன்

பூங்கோதையிடம் சொன்னேன். ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவள் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா?” என்றாள். “நான் பேசறது உங்களுக்குப் புடிக்கறதில்லைன்னு நெனச்சுட்டேனுங்க. அடுப்படீலிருந்து கேட்டாப் பதிலே வராது. நம்ம பேச்சு இவருக்கு ஒரு பொருட்டில்லைன்னு, அப்பறம் கேக்கறதையே உட்டுட்டேன்.”

எத்தனை வருஷமாக என்றேன். ஆறேழு இருக்கும் என்றாள்.

ஆறேழு வருஷம் இவள் அந்த நினைப்போடு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். என் காதால் அல்ல.

கட்டைமேல் சைக்கிளை நிறுத்தி, பூங்கோதையை எதிரில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன். நான் சீட்டில் உட்கார்ந்து மிதித்தேன். “வருதுங்க” என்றாள். எழுந்து நின்று மிதித்தேன். “இல்லீங்க” என்றாள். உட்கார்ந்தேன். வந்தது. ரித்தீஷ் அன்றைக்கு மேட்டில் சொன்னது இதைத்தான். என் தொந்தியைப் பற்றி அவன் பேசவே இல்லை.

சீட்டைத் தாங்குகிற குழாயைப் பிடித்துக்கொண்டு, அவளைச் சீட்டை அழுத்தச் சொன்னேன். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் விரலில் ஒரு சின்ன நறநறப்பு. வெளியே இழுத்தால், குழாய் நெடுக ஈரப் பஞ்சுக் கசடு. சைக்கிளைத் தறிக்குடோனிலேயே வைத்தால் வேறு என்ன ஆகும்? பறக்கிற பஞ்செல்லாம் நான் தாராளமாகப் போட்ட எண்ணெயில் ஒட்டி, உள்ளே இறங்கி, மணலும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. துணி சுற்றித் துடைத்து, புது கிரீஸ் தடவி, போல்ட்டை முடுக்கினேன். மொத்தமே இருபது நிமிஷ வேலை.

“இப்ப?”

“ஒண்ணுமில்லீங்க.”

எனக்கு முன்னாலும் ஒன்றும் இல்லை, இப்போதும் ஒன்றும் இல்லை. சைக்கிள் சரியாகிவிட்டது என்று போய்ச் சொல்வதற்கு ஆள்தான் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தரணி வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. சட்டை மாற்றி, செருப்பு போட்டு, கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

அவன் கத்தியிருக்கிறான். நான் திரும்பவில்லை என்றதும், பின்னால் வருகிற வேனுக்கும் எனக்கும் நடுவில் புகுந்து என்னைத் தள்ளியிருக்கிறான். உயிரைக் காப்பாற்றியவனைப் பார்த்துப் பொய் சொல்லாதே என்றேன். பெற்றவர்களுக்கு முன்னால், கட்டுப் போட்டுக் கிடந்தவனை. எந்த மூஞ்சியோடு போவேன்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்றும் போகவில்லை. பூங்கோதை முகத்துக்கு நேரே வந்து நின்று, “போயிட்டு வந்துருங்க” என்றாள். கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கக்கூட இனி வழியில்லை.

செப்டம்பர் 3, புதன்

காது மெஷின் வந்துவிட்டது, இரண்டு காதுக்கும். நன்றாக இருக்கிறது என்று எழுத ஆசைதான். பாத்திரம் வைக்கிற சத்தம் மண்டைக்குள் விழுகிறது. பேப்பர் மடித்தால் தகரம் மடங்குகிற மாதிரி. என் குரலே எனக்கு வேற்று ஆள் குரலாக இருக்கிறது. குடோனுக்குள் போனவன் அரை நிமிஷத்தில் வெளியே ஓடிவந்துவிட்டேன்.

இந்த இரைச்சலிலா இருபத்தெட்டு வருஷம் நின்றேன்? இதிலேயேவா கருத்தம்மா இன்னும் நிற்கிறாள்?

அவள் கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டுதான் தறி ஓட்டுவாள். தறி நின்றால் உனக்கு எப்படிக் கேட்கும் என்று எத்தனையோ முறை சத்தம் போட்டிருக்கிறேன். நல்ல வேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

போனேன்.

பூங்கோதையும் வந்தாள். ரித்தீஷையும் வரச் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் யார் யார் முன்னால் சொன்னேனோ அவர்கள் எல்லாரும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மச்சான் “வாங்க மாப்ள” என்றார், உட்காரச் சொல்லவில்லை. தரணி நாற்காலியில் இருந்தான். இடது கை இன்னும் உடம்போடு ஒட்டியே இருக்கிறது.

எனக்கு நீட்டிப் பேச வராது. “எனக்குக் காது கேக்கறதில்ல கண்ணு. ஆறேழு வருசமா. எனக்கே இப்பத்தான் தெரியும். நீ கூப்பிட்டிருக்க. என்னையத் தள்ளிக் காப்பாத்தியிருக்க. நான் உன்னையப் பொய்யன்னு சொன்னேன்” என்றேன். ரிப்போர்ட்டை மச்சான் கையில் கொடுத்தேன். தரணியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தரணி என் காதில் இருந்த மெஷினைப் பார்த்தான். அப்புறம், “வலியக் கூடத் தாங்கிட்டேனுங்க மாமா. அந்த வார்த்தையத்தான் தாங்க முடியல. ராத்திரியெல்லாம் யோசிப்பேன், நெசமாவே கூப்புட்டனா, இல்ல கூப்புட்ட மாதிரி எனக்குத் தோணுதான்னு” என்றான்.

இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் பேச்சு அவனை அவன் மேலேயே சந்தேகப்பட வைத்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டால் அது போகுமா? போகாது. அதனால்தான் அவனிடம் வேறொன்று கேட்டேன்.

“வெளிய வா. அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டியோ அப்படியே ஒருக்கா கூப்புடு” என்றேன்.

“வேண்டாமுங்க மாமா.”

“எனக்காக இல்ல கண்ணு. உனக்காக.”

மெஷின் இரண்டையும் கழற்றிப் பூங்கோதையிடம் கொடுத்தேன். அவர்கள் வீடு மெயின் ரோட்டின் மேல். அவனைக் கேட்டில் நிற்கவைத்துவிட்டு, ரோட்டோரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். பஸ் ஒன்று போனது. மொபெட்டுகள் போயின. மாவு மில்லைத் தாண்டினேன். இன்னும் கூப்பிடவில்லை. கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன். ஒரு கடை தாண்டினேன், இரண்டு கடை தாண்டினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

எதிரில் பேக்கரி. வெளியே டீ குடித்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் தலையைத் தூக்கினார், அப்புறம் எல்லாரும். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார்கள். ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு வேகமாக என்னிடம் வந்து, முகத்துக்கு நேரே நின்றார். “ஏனுங்க, பின்னால அந்தத் தம்பி அந்தக் கத்துக் கத்துறாரு. உங்களையத்தானுங்களா?”

திரும்பினேன். கேட்டில் தரணி ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழுத்து நரம்பு புடைத்து, முகமெல்லாம் சிவந்திருந்தது. மச்சானும் ரித்தீஷும் ரோட்டுக்கே இறங்கி வந்திருந்தார்கள். எதிர் வீட்டுப் பெண் மாவுக் கையோடு வாசலில் நின்றாள். தரணியின் வாய் இன்னொரு முறை திறந்தது. உதட்டில் படித்தேன். மாமா.

நான் அங்கேயே ரோட்டில் நின்று அழுதேன். பேக்கரிக்காரர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

திரும்பி வந்தபோது மச்சான், “சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்” என்றார். சாப்பிட்டோம்.

செப்டம்பர் 18, வியாழன்

சர்க்கரை 140. குடோனுக்குக் காதுமூடி வாங்கிப் போட்டேன், ஆளுக்கு ஒன்று. பாண்டித்துரை மாட்டிக்கொண்டான். கருத்தம்மா தலை வேர்க்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாள், பஞ்சுதான் அவளுக்குச் சரியாம். எல்லாருக்கும் காது பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, என்ன வரப் போகிறதோ.

நவம்பர் 16, ஞாயிறு

சர்க்கரை 131. ஊத்துக்குளி போய் வந்தது, 54 கி.மீ. விழுந்ததற்கு அப்புறம் தரணி ரோட்டில் ஓட்டுவது இதுதான் முதல் தடவை.

காற்றில் காது மெஷின் வெறும் இரைச்சல், கழற்றிவிட்டேன். நித்தீஷ் அனுப்பிய சின்னக் கண்ணாடியை ஹேண்டிலில் மாட்டியிருக்கிறேன். அதனால் இன்று ரித்தீஷ் முதலில், தரணி நடுவில், நான் கடைசியில். பின்னால் வண்டி வந்தால் கண்ணாடியில் பார்த்துச் சொல்வது என் வேலை.

“வண்டி” என்று கத்தினேன். தேவைக்கு மேலேயே கத்துகிறேனாம், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். ஒவ்வொரு தடவையும் தரணி, முன்னால் பார்த்துக்கொண்டே, முழுதாக நிமிராத அந்த இடது கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். கேட்டது என்று.